ஈரப் பாய்

பையின் ஜிப்பை இழுத்தபோதே தெரிந்துவிட்டது. துவைத்துவிட்டுக் காயப்போட மறந்து, வாளியிலேயே இரண்டு நாள் கிடந்த துணியின் அதே வாடை. பலகைமேல் நின்று காற்றில் ஓட்டும் விண்ட்சர்ஃபிங்கின் பாய், நாலு மாதம் தொடாமல் வைத்திருந்தது. 5.3 சதுர மீட்டர். வாங்கி ஒரு சீசன்கூட முழுதாக ஓடவில்லை. வெளியே இழுத்துப் புல்லில் போட்டேன். விரிய மறுத்தது. ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிக்கப் பிரிக்க ஸ்டிக்கர் உரிக்கிற சத்தம். நடுவில் கண்ணாடிபோல இருக்க வேண்டிய பகுதி, மூச்சு விட்ட கண்ணாடியாக மங்கியிருந்தது. மாஸ்ட் என்கிற கம்பம் நுழைகிற உறையைப் புரட்டிப் பார்த்தால், அடியிலிருந்து, கையில் பிடித்துக்கொள்ளும் பூம் என்கிற குறுக்குக் கம்பை மாட்டுகிற திறப்பு வரைக்கும் கறுப்புப் புள்ளிகள். யாரோ மைப்பேனாவை உதறிவிட்டுப் போன மாதிரி.

நாலு மாதத்துக்கு முந்தைய அந்தக் கடைசி நாளை நினைத்துப் பார்த்தேன். நல்ல காற்று. இருட்டும் வரைக்கும் தண்ணீரிலேயே இருந்தேன். கரையேறியபோது விரல்களை மடக்க முடியவில்லை. அவிழ்த்தேன், சுருட்டினேன், பையில் திணித்தேன். "வீட்டுக்குப் போய்க் காயவைத்துக்கொள்ளலாம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் தூங்கிவிட்டேன். மறுநாள் வேலை. அதற்கு மறுநாள் வேறு ஏதோ. அப்புறம் அந்தப் பை மூலையில் நின்றுகொண்டே இருந்தது, நான் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன். அவ்வளவுதான் கதை. கடல் அந்தப் பாயை ஒன்றும் செய்யவில்லை, காற்றும் செய்யவில்லை. கரையேறிய பிறகு இருந்த ஒரு மணி நேரத்தை நான் ஏமாற்றியதுதான் காரணம்.

தமிழில் படுக்கிற பாயும் பாய்தான், கடலில் விரிக்கிற பாயும் பாய்தான். இரண்டையும் விரிக்கிறோம், சுருட்டுகிறோம். ஈரமான கோரைப் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினால் என்ன ஆகும் என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பாயைச் சுருட்டும்போது மட்டும் அந்த அறிவு எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை.

எனக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர் உண்டு. துணிப் பாய் காலத்து ஆள். விண்ட்சர்ஃபிங் பலகைக்கு அமெரிக்காவில் ஹாயில் ஷ்வைட்சருக்கும் ஜிம் டிரேக்குக்கும் காப்புரிமை கிடைத்தது 1970இல். அப்போதும் அதற்குப் பிறகு பல வருடங்களும் பாய் என்றால் டாக்ரான்தான், அதாவது நெய்த பாலியெஸ்டர் துணி. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 1984இல் இந்த விளையாட்டு முதல்முறை இடம்பெற்ற காலத்தையொட்டித்தான் துணியின் இடத்துக்கு மெல்ல மெல்ல ஃபிலிம், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் தகடு வந்தது. அண்ணன் முதன்முதலில் என் பாயைக் கையில் எடுத்தபோது வேட்டியை மடிக்கிற மாதிரி நாலாக மடிக்கப் போனார். "அண்ணே, அண்ணே!" என்று ஓடிப்போய்ப் பிடுங்கினேன். "என்னடா தம்பி, கண்ணாடியா இது, உடைஞ்சிரப் போகுதா?" என்று சிரித்தார். கிட்டத்தட்டக் கண்ணாடிதான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு தண்ணீர் பாட்டில் போதும். காலியான பிளாஸ்டிக் பாட்டிலை ஒருமுறை கசக்கிவிட்டு மறுபடி ஊதி நிமிர்த்திப் பாருங்கள். நசுங்கிய இடங்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் நிற்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பாட்டிலும், பாயின் கண்ணாடிப் பகுதியான மோனோஃபிலிமும் ஒரே குடும்பம், இரண்டும் பாலியெஸ்டர். டாக்ரான் துணியும் அதேதான். இழையாக நூற்று நெய்தால் துணி, தகடாக இழுத்தால் ஃபிலிம். துணியை மடித்தால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து இடம் கொடுக்கும். ஃபிலிமுக்கு நகர இடமில்லை. மடிப்பு விழுந்த கோட்டிலேயே நிரந்தரமாக பலம் குறைந்துவிடுகிறது. பின்னாளில் கிழிசல் கிளம்புவதும் பெரும்பாலும் அந்தக் கோட்டிலிருந்துதான். ஃபிலிமின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்குள்தான் இருக்கும் என்பதை நினைத்தால், அது காற்றில் இத்தனை பாடு படுவதே ஆச்சரியம்.

கட்டம் கட்டமாக நூல் ஓடுகிற பகுதிகளை எக்ஸ்-பிளை என்போம். இரண்டு மெல்லிய ஃபிலிம்களுக்கு நடுவே நூல் வலையை வைத்து ஒட்டியது. இதில் ஒரு குத்து விழுந்தாலும் கிழிசல் அடுத்த நூலில் போய் நின்றுவிடும். வெறும் மோனோஃபிலிமில் அது நிற்காமல் ஓடும். ஆனால் ஒட்டியது என்றாலே ஒருநாள் பிரியும் என்றும் அர்த்தம். ஓரத்தில் ஈரம் ஏறி, மேலே சூடும் பட்டால் ஃபிலிம்கள் பிரிந்து நடுவில் கொப்புளம்போல் எழும்பும்.

சரி, காயவைக்கிற விஷயத்துக்கு வருவோம். பலரும் பாயைக் காயவைப்பது என்றால் அந்தப் பெரிய பளபளப்பான பரப்பைக் காயவைப்பது என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் பரப்பு தண்ணீரைக் குடிப்பதே இல்லை. காற்றில் ஐந்து நிமிடம் தூக்கிப் பிடித்தாலே காய்ந்துவிடும். தண்ணீர் ஒளிந்துகொள்வது வேறு இடங்களில். முதலாவது மாஸ்ட் உறை. துணியால் ஆன, இரண்டு அடுக்குள்ள, மேலே மூடிய நீளக் குழாய் அது. பந்தயப் பாய்களில் அகலம் கூடுதல். தண்ணீரில் விழுந்த பாயைத் தூக்கும்போது அந்த உறையிலிருந்து குடம் கவிழ்த்தாற்போல் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்தது அடி மூலையில் கப்பியை மூடிக் காலுக்கு மெத்தென்று இருக்கும் நுரைப் பட்டை. அப்புறம் பாயை விறைப்பாக வைக்கும் பேட்டன் என்கிற குறுக்குக் குச்சிகளைச் செருகியிருக்கும் உறைகளின் இரண்டு முனைகள், உச்சியில் தைத்திருக்கும் பட்டை. பார்க்கப்போனால், காயவைக்க வேண்டியது பாயின் நூற்றில் பத்துப் பாகம்தான். அந்தப் பத்தும் கண்ணுக்குத் தெரியாத இடம்.

அதனால் நான் இப்போது கண்ணை நம்புவதில்லை, கையைத்தான் நம்புகிறேன். பூம் மாட்டும் திறப்பு வழியாகக் கையை முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவுவேன். சில்லென்று பட்டால் காயவில்லை. துணி கையில் ஒட்டாமல் வழுக்கினால் காய்ந்துவிட்டது. பிசுபிசுவென்று இருந்தால் காய்ந்திருக்கிறது, ஆனால் உப்பு அப்படியே இருக்கிறது.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகச் சண்டை. "உப்பு பாலியெஸ்டரை ஒன்றும் செய்யாது, கழுவுவது வீண்வேலை" என்று ஒரு கட்சி. "ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் பாய் பாழ்" என்று இன்னொரு கட்சி. முதல் கட்சி சொல்வது பொய்யில்லை. உப்பு பாலியெஸ்டரை அரிப்பதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. உறையிலும் நுரையிலுமாக அரை லிட்டர் தங்கிக் காய்ந்தால் 17 கிராம், அதாவது சிறு கரண்டியால் மூன்று கரண்டி உப்பு, துணியின் இழைகளுக்குள் படிகமாக உட்கார்ந்திருக்கிறது. அடுத்த நாள் இன்னொரு மூன்று. இந்தப் படிகங்களுக்கு ஒரு குணம் உண்டு: காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே கரைந்து தண்ணீராகத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடப் பேராசை பிடித்தது. 33 சதவீதம் இருந்தாலே போதும். அதாவது நேற்று நன்றாகக் காய்ந்த பாய், ஒரு கைப்பிடி தண்ணீர்கூடப் படாமலேயே இன்று ராத்திரி பைக்குள் மறுபடி நனையும். என் பாய் நாலு மாதமும் ஈரமாகவே இருந்ததன் ரகசியம் இதுதான். பையில் வைக்கும்போது அது இருந்ததைவிட மோசமாகத்தான் பிறகு இருந்திருக்கும்.

அதோடு படிகம் என்றால் கூர்முனை. சுருட்டிய பாயில் ஃபிலிமும் ஃபிலிமும் உரசும்போது நடுவில் உப்பும் மணலும் இருந்தால், அது உப்புத்தாள் தேய்ப்பதுபோல்தான். (உப்புத்தாள் என்று பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு.) கண்ணாடிப் பகுதி மங்கிப்போவதற்குப் பாதிக் காரணம் வெயில் என்றால் மீதி இந்த உரசல்.

எனவே என் கட்சி நடுவில். மறுநாள் காலையில் மறுபடி இறங்கப் போகிறேன் என்றால் அலசுவதில்லை. தண்ணீரை வடித்து, நிழலில் போட்டுவிட்டுப் போய்விடுவேன். ஒரு வாரத்துக்கு மேல் பையில் இருக்கப்போகிறது என்றால் கட்டாயம் அலசல். அலசுவது என்றால் முழுப் பாயையும் குளிப்பாட்டுவது இல்லை. குழாய் நுனியை உறையின் அடி வாயில் செருகி, உள்ளே தண்ணீர் ஓட விட்டு, வெளியே வருவதை நாக்கில் தொட்டுப் பார்ப்பேன். முதலில் கரிக்கும், கொஞ்ச நேரத்தில் சப்பென்று ஆகும். ஆனதும் நிறுத்திவிடலாம். தண்ணீர் தட்டுப்பாடான இடத்தில் ஒரு வாளி போதும்: பாதி உறைக்குள், மீதி கப்பிக்கும் பேட்டன் முனைகளுக்கும். வேகமாகப் பீய்ச்சும் இயந்திரம் மட்டும் வேண்டாம். அது தையலுக்குள்ளும் ஒட்டிய ஓரங்களுக்குள்ளும் தண்ணீரை ஏற்றிவிடும்.

ஏரியில் ஓட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு "நமக்கு உப்புத் தொல்லை இல்லை" என்று சாய்ந்து உட்கார வேண்டாம். உப்பு பூஞ்சைக்குக் கொஞ்சமாவது தடை போடும். ஏரித் தண்ணீரில் பாசியும் சேறும் உண்டு, தடை எதுவும் கிடையாது. பாலியெஸ்டரைப் பூஞ்சை தின்னாது என்பது சரிதான். அது தின்பது பாய்மேல் படிந்திருக்கும் அழுக்கை, நம் வேர்வையை, நாம் பூசிய சன்ஸ்கிரீனை. வீட்டை அல்ல, வீட்டிலிருக்கும் சாப்பாட்டைத் தேடி வருகிற எறும்பு மாதிரி. ஆனால் வந்துவிட்டால் கறை போகாது. என் பாயின் கறுப்புப் புள்ளிகளை மென்மையான சோப்புத் தண்ணீரும் பழைய பிரஷ்ஷுமாக ஒரு சாயங்காலம் முழுக்கத் தேய்த்தேன். வாடை போயிற்று, புள்ளிகள் சாம்பல் நிறமாயின, போகவில்லை. பிளீச்சிங் போடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்லவேளை, போடவில்லை. வலுவுக்காக சில பாய்களில் ஓடுகிற மஞ்சள் நூல் கெவ்லர் வகையைச் சேர்ந்தது. குளோரின் பட்டால் அதன் பலம் போய்விடும். வெள்ளையாக்குகிறேன் என்று போய் எலும்பை உருவிவிட்ட கதையாக ஆகியிருக்கும்.

வெயில். இதைத்தான் தவறாகப் புரிந்துகொண்டு என் இன்னொரு பாயை இழந்தேன். பூஞ்சைப் பாடம் படித்த சூட்டில் அடுத்த சீசன் முழுக்க ஒவ்வொரு நாளும் பாயை வெயிலில் விரித்துவிட்டுப் போனேன். விரித்தது சரி, திரும்பி வந்தது எப்போது? சில நாள் இரண்டு மணி நேரம் கழித்து, சில நாள் சாயங்காலம். சீசன் முடிவதற்குள் ஃபிலிம் லேசாக மஞ்சள் பூத்தது. சத்தமும் மாறியது. புதுப் பாயை அசைத்தால் கனத்த சத்தம் வரும், தடித்த காகிதம் மாதிரி. அது இப்போது மொறுமொறுவென்று, காய்ந்த சருகு மாதிரி கேட்டது. ஒருநாள் கரையில் பாய்மேல் குனிந்து பேட்டனைச் சரிசெய்தபோது முழங்கால் லேசாகத்தான் பட்டது. பட்டென்று ஒரு சத்தம். முழங்கால் மறுபக்கம் மணலில் இருந்தது. கிழியவில்லை, உடைந்தது. நட்சத்திரம் மாதிரி விரிசல்கள் ஓடின.

சூரிய ஒளியிலிருக்கும் புற ஊதாக் கதிர் பாலியெஸ்டரின் நீளமான சங்கிலிகளை ஆங்காங்கே வெட்டிவிடுகிறது. ஒரு நாளில் தெரியாது. அது வங்கிக் கணக்கில் எடுப்பதைப் போல. எடுத்தது எடுத்ததுதான், நிழலில் வைத்தால் திரும்பி வராது. தண்ணீரில் ஓடும்போது படுகிற வெயிலாவது நாம் அனுபவித்துச் செலவழித்தது. கரையில் சும்மா கிடக்கும்போது படுவதற்கு என்ன கணக்கு? ஓட்டுகிற நேரம் ஒரு மணி, கரையில் கிடக்கிற நேரம் மூன்று மணி என்றுதான் பலருடைய நாள் போகிறது. நம் கரையிலேயே சுற்றிப் பாருங்கள்.

ஆக, காயவைக்க வேண்டியது நிழலில், காற்றில். நிழல் இல்லாத இடமென்றால் வெயிலில் பத்துப் பதினைந்து நிமிடம். பக்கத்திலேயே இருக்க வேண்டும், தலையைத் திருப்பக் கூடாது. நான் அந்த நேரத்தில் மற்ற சாமான்களைக் கழுவுவேன், அப்போதுதான் அங்கேயே நிற்க ஒரு வேலை இருக்கும்.

காற்றிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பாயைக் கொடி மாதிரி கட்டிப் படபடவென்று அடிக்க விட்டால் சீக்கிரம் காயும், வாஸ்தவம். ஆனால் அந்தப் படபடப்பில் ஒவ்வொரு அடியும் ஃபிலிமை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்துகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது போலத்தான். பின்னோரத்தில் பேட்டன் முடியும் தையல்கள்தான் முதலில் போகும். தரையில் விரிக்கிறபோது மாஸ்ட் பக்கம் காற்று வருகிற திசையிலும், பூமின் பின்முனை மாட்டுகிற மூலை காற்று போகிற திசையிலும் இருக்கட்டும். காற்று அடியில் புகாமல் மேலே வழுக்கிப் போய்விடும். புல் இருந்தால் அதைவிட நல்ல தரை கிடையாது, முள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தரையில் இழுத்தால் கீறல்தான்.

உறைக்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று உண்டு. கண்டுபிடித்தது என்று பெருமையடிக்கிறேன், யாராவது முன்பே செய்திருப்பார்கள். ஈர உறையின் இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் உள்ளே காற்று போகாது. நாள் முழுக்கத் தொங்கினாலும் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். அதனால் ஒரு பழைய பிவிசி குழாயில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு வெட்டி, சுற்றிலும் துளை போட்டு வைத்திருக்கிறேன். வெட்டிய முனைகளை உரசி மழுங்கடித்தாயிற்று. பாயின் உச்சி மேலேயும் உறையின் திறந்த வாய் கீழேயும் வருமாறு தொங்கவிட்டு, இந்தக் குழாயை அடியிலிருந்து செருகிவிடுவேன். உறை வாய் பிளந்து நிற்கும். காற்று உள்ளே போய் பூம் திறப்பு வழியாக வெளியே வரும். முன்பு ராத்திரி முழுக்கக் காயாதது இப்போது இரண்டு மணி நேரத்தில் காய்கிறது. ஒரே கஷ்டம், 5.3 பாயே நாலேகால் மீட்டர் உயரம். அத்தனை உயரத்தில் தொங்கவிட எல்லோருக்கும் இடம் இருக்காது. அப்படியானால் கொடியில் நடுவாக, உருண்டையான ஏதாவது ஒன்றின்மேல் தளர்வாகப் போட்டு, உறையின் அடிப்பகுதி கீழ்நோக்கி இருக்குமாறு விடலாம். மெல்லிய கம்பிமேல் போட்டால் மடிப்பு விழுந்துவிடும், கவனம்.

அவிழ்க்கும் வரிசையும் முக்கியம். முதலில் அவுட்ஹால், அதாவது பாயைப் பூமின் பின்முனைக்கு இழுத்துக் கட்டியிருக்கும் கயிறு. அப்புறம் பூமைக் கழற்றுவது. கடைசியாக டவுன்ஹால், அதாவது பாயை மாஸ்டின் அடிக்கு இழுத்துக் கட்டியிருக்கும் கயிறு. அவசரத்தில் டவுன்ஹாலை முதலில் விட்டுவிட்டால், வளைந்திருந்த மாஸ்ட் படக்கென்று நிமிரப் பார்க்கும். பூம் பிடித்திருக்கும் இடத்தில் இழுவை முழுதும் ஏறும். கேம்பர், அதாவது பேட்டனின் முன்முனையை மாஸ்டின்மேல் உட்காரவைக்கும் துண்டுகள் உள்ள பாய் என்றால் அவற்றை மாஸ்டிலிருந்து விடுவித்துவிட்டு உருவ வேண்டும். ஈரத்தில் உறை மாஸ்டைக் கவ்விப் பிடிக்கும்போது வெறிகொண்டு இழுப்பதில் பயன் இல்லை. உறைக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். காயவைக்கப் போகிற பாயில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறானே என்று தோன்றும். எப்படியும் அலசத்தானே போகிறோம்.

மாஸ்டைப் பற்றி ஒரு சின்னச் சோகக் கதை. அடியில் செருகும் எக்ஸ்டென்ஷன் குழாய் அலுமினியம், மாஸ்ட் கார்பன். இரண்டும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும். அலுமினியம் அரிக்கும், வெள்ளைப் பொடி பூக்கும், பொடி பூத்து இறுகிக்கொள்ளும். ஒருமுறை மூன்று வாரம் கழற்றாமல் விட்டேன். மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம். அண்ணன் ஒரு பக்கம், நானும் இன்னொரு தம்பியும் மறுபக்கம், தேர் இழுப்பதுபோல. கடைசியில் வந்துவிட்டது, இரண்டு பேர் மல்லாந்து விழுந்தோம். "பாயைக் காயவைச்சா மட்டும் போதுமாடா?" என்று அண்ணன் மணலைத் தட்டிக்கொண்டே கேட்டார். மாஸ்டின் இரண்டு பாகமும் சேருகிற இடமும் இதே போலத்தான். அங்கே வில்லன் மணல். செருகும்முன் துடைத்துவிட்டு, சேர்ந்த இடத்தில் ஒரு சுற்று எலெக்ட்ரிகல் டேப் ஒட்டிவிட்டால் மணல் நுழையாது. சிக்கிக்கொண்டால் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பூமை மாட்டி எதிரெதிராகத் திருகலாம். இழுப்பதைவிடத் திருகுவதுதான் பலிக்கும்.

இப்போது சுருட்டல். உச்சியிலிருந்து ஆரம்பித்து அடிக்கு வரவேண்டும். பேட்டன்கள் ஏறக்குறைய குறுக்காக ஓடுவதால், அவை சுருளின் நீளத்தோடு சேர்ந்து படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பேட்டன் வரும்போதும் சுருளைக் கொஞ்சம் திருப்பி அதற்கு இணையாக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பேட்டன் ஒரு முனையில் ஃபிலிமைக் குத்திக்கொண்டு நிற்கும். சுருள் எத்தனை இறுக்கம் என்று கேட்டால், கையால் அழுத்தும்போது கொஞ்சம் அமுங்கி மறுபடி எழும்ப வேண்டும். இறுக்கிச் சுருட்டுவது சுத்தமாகத் தெரியும், பையில் அழகாக நுழையும்; ஆனால் உள்சுற்றுகளில் மடிப்பு விழும். ரொம்பத் தளர்வாக விட்டால் மேலே ஏதாவது வைக்கிறபோது சப்பையாக நசுங்கி அதே மடிப்பு. சுருட்டுவதற்கு முன் கையாலோ ஈரத் துணியாலோ மணலைத் தட்டிவிடுங்கள். சுருட்டும்போது காதுக்கு மணல் நறநறவென்று கேட்டால், நிறுத்திப் பிரித்து மறுபடி ஆரம்பிப்பேன். இந்த ஒரு விஷயத்தில் என்னை யாரும் அவசரப்படுத்த முடியாது.

ஈரத்தோடு சுருட்டியே ஆக வேண்டிய நாளும் வரும். மழை கொட்டும், இருட்டிவிடும், வண்டி கிளம்பிவிடும். சுருட்டலாம், தப்பில்லை. பைக்குள் மட்டும் போட வேண்டாம். பைக்குள் வைத்தே தீர வேண்டுமென்றால் வீடு வந்ததும் பாயை வெளியே எடுத்துக் குளியலறையில் நிறுத்தி வைத்துவிட்டாவது தூங்கப் போங்கள். நிறுத்தினால் தண்ணீர் அடியில் வடியும். ஆனால் அது காயவைத்ததாகாது. ஃபிலிமுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே மாட்டிய தண்ணீர்ப் படலம் காற்றே படாமல் நாள்கணக்கில் அப்படியே இருக்கும். மறுநாள் பிரித்தே ஆகவேண்டும். பையையும் காயவைக்க வேண்டும். காய்ந்த பாயை ஈரப் பைக்குள் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்த காலம் எனக்கும் உண்டு.

மாதக்கணக்கில் வைக்கப் போகிறோம் என்றால் பேட்டன்களின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்திவிடுவேன். உறையை எந்நேரமும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. தளர்த்தியதை மறக்காமலிருக்க, பேட்டன் சாவியைக் கயிற்றால் பாயின் அடி மூலையிலேயே கட்டிவிடுவது என் வழக்கம். அடுத்த சீசனில் அதை அவிழ்க்காமல் பாயை ஏற்ற முடியாது. திருகும் இடத்திலும் கப்பியிலும் நல்ல தண்ணீர் ஒருமுறை விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சாவி இருக்கும், திருகு திரும்பாது.

எங்கே வைப்பது? இருட்டாக, காய்ந்ததாக, சூடில்லாததாக ஓர் இடம். தகரக் கூரைக்கு அடியில் வேண்டாம். மூடிய காருக்குள் கண்டிப்பாக வேண்டாம். நிழலே ஆனாலும் அந்தச் சூட்டில் ஒட்டு இளகும், ஃபிலிம் சுருங்கி அலை அலையாக நிற்கும். நிற்க வைப்பதைவிடப் படுக்க வைப்பது மேல், தரையில் வைப்பதைவிடச் சுவரில் இரண்டு மூன்று அகலப் பட்டைகளில் தொங்கவிடுவது மேல். மேலே பலகையோ பெட்டியோ ஏற்றக்கூடாது. பையின் ஜிப்பைக் கால்வாசி திறந்து வைத்தால் காற்றோட்டத்துக்கு நல்லது என்று நானும் செய்தேன். எலி அதை அழைப்பிதழாக எடுத்துக்கொண்டது. நுரைப் பட்டையைக் குதறி மெத்தை போட்டு, ஒரு குடும்பமே உள்ளே இருந்தது. மாஸ்டின் வாய்க்குள் குளவி மண்கூடு கட்டியதும் அந்த வருஷம்தான். இப்போது ஜிப் திறந்த இடத்தில் கொசுவலைத் துண்டு ஒன்றைத் தைத்திருக்கிறேன், மாஸ்ட் முனைகளில் துணி அடைப்பு. மாதம் ஒருமுறை பையைத் திறந்து மோந்து பார்ப்பேன். ஆமாம், மோந்துதான். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

அந்த 5.3 இன்னும் இருக்கிறது. கண்ணாடிப் பகுதியில் இரண்டு பக்கமும் டேப் ஒட்டியிருக்கிறேன். டேப் ஒட்டுமுன் ஆல்கஹாலால் துடைத்தபோது துணியில் ஒட்டி வந்த வெள்ளைப் பொடியைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மாஸ்ட் உறையின் சாம்பல் புள்ளிகளும் அப்படியே. புதிதாகப் பழக வருகிறவர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறேன். ஒரு பையன் அந்தப் புள்ளிகள் டிசைனா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று கரையேறியபோது மணி ஆறரை. விரல்கள் மறுபடியும் மடங்கவில்லை. அலசி, குழாயைச் செருகித் தொங்கவிட்டு, மற்றதையெல்லாம் கழுவி முடித்து வந்து பாய்மேல் கையை வைத்துப் பார்த்தேன்; ஃபிலிம் நன்றாகக் காய்ந்திருந்தது. பையைக்கூட விரித்துவிட்டேன். அப்புறம்தான் பூம் திறப்பு வழியாகக் கையை முழங்கைவரை விட்டேன். உச்சிப் பக்கம் இன்னும் சில்லென்று இருந்தது. பையைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, பாயைத் தூக்கி மறுபடி மாட்டினேன்.